அந்தரத்துல முறுக்குன நட்டு

குலுங்குதா தம்பி? குலுங்கத்தான் செய்யும். பின்சக்கரத்துக்கு மேலயே உக்காந்துட்டோம்ல. ஆனா இது வெறும் ரோட்டுக் குலுக்கல் இல்ல. காதக் குடுத்துக் கேளுங்க, அடியில ஒரு டொக்கு வருதா? பட்டை போச்சு இந்த வண்டிக்கு. பின்னால அடுக்கடுக்கா இரும்புப் பட்டை வச்சிருப்பான்ல, அதான் பஸ்ஸுக்கு ஸ்பிரிங்கு. அது செத்துப்போச்சு. டிரைவருக்கும் தெரியும், ஓனருக்கும் தெரியும். ஒரு பயலும் கைய வைக்கமாட்டான்.

எனக்கு எப்படித் தெரியும்னு பாக்குறீங்க. நான் பிட்டர் தம்பி. தேனியில நூல் மில்லுல பிட்டர். பேரு தவமணி. ஓடுற மிசினுல சத்தம் மாறுனா, கேண்டீன்ல டீ குடிச்சுக்கிட்டே எந்த மிசினுன்னு சொல்லுவேன். சொந்தமா காரும் வச்சிருக்கேன். ஆமா, கார் வச்சிருக்கவன் எதுக்குடா பஸ்ஸு பின்சீட்டுல கெடந்து குலுங்குறான்னு நினைக்கிறீங்க. நினைங்க. கேட்டாலும் சொல்லுவேன், கேக்காட்டியும் சொல்லுவேன். மதுரை போறவரைக்கும் எனக்கு வேற என்ன சோலி இருக்கு?

அம்புட்டுக்கும் காரணம் எங்க மாப்பிள்ளை. என் தங்கச்சி தமயந்தி வீட்டுக்காரர். கதிரேசன்னு பேரு. உசிலம்பட்டியில தேங்கா யாவாரம்.

போன தை மாசம் வந்து நின்னாரு. ஒரு கல்யாணத்துக்குப் போகணும், வண்டி குடுங்க மச்சான்னாரு. தங்கச்சி புருசன், இல்லைன்னு சொல்ல முடியுமா? சாவியைக் குடுத்தேன். மறுநாள் கொண்டுவந்து விட்டாரு, காப்பியக் குடிச்சாரு, சிரிச்சுக்கிட்டே போயிட்டாரு. நான் வெளிய வந்து பாக்குறேன், வண்டி பின்னால எடது பக்கம் உக்காந்திருக்கு. கால் ஒடிஞ்ச கட்டில் மாதிரி. எடுத்து ஓட்டிப் பாத்தா, வேகத்தடையில ஏறி இறங்கும்போது டொக்குங்குது. டிக்கியைத் திறந்தா உள்ள தேங்கா நாரு!

புரியுதா உங்களுக்கு? கல்யாணத்துக்குன்னு வாங்கிட்டுப் போயி, என் வண்டியில சாக்கு அடிச்சிருக்காரு.

உடனே போனைப் போட்டேன். "என்ன மாப்பிள்ளை, என் காரு என்ன உங்களுக்கு மாட்டுவண்டியா?"ன்னு கேட்டேன். அதுக்கு அவரு, "மச்சான், அது தமயந்தி உங்க வீட்டுக்குக் குடுத்துவிட்ட காய் மச்சான். அக்காதான எடுத்து உள்ள வச்சாங்க"ங்கிறாரு. அக்கான்னு சொல்றது என் வீட்டுக்காரி சந்தனமாரியை. அடுப்படியில போய்ப் பாத்தேன். ஒரு பத்துப் பன்னெண்டு காய் கெடந்துச்சுதான். கெடக்கட்டுமே! பத்துக் காய்க்கு ஒரு கார் ஸ்பிரிங் இறங்குமா? நீங்க படிச்சவர் மாதிரி இருக்கீங்க, நீங்களே சொல்லுங்க. இறங்காதுல்ல? அப்ப எத்தனை சாக்கு ஏத்தியிருந்தா இறங்கும்? அத மறைக்கத்தான் இந்தப் பத்துக் காயி.

நான் இங்க கத்திக்கிட்டு இருக்கேன், சந்தனமாரி கதவுல சாஞ்சுக்கிட்டுச் சொல்றா, "ஏங்க, மாடி எடுத்தப்ப டைல்ஸ் பெட்டி பூராம் இந்தக் கார்லதான வந்துச்சு. சிமெண்டு மூடையும் இதுலதான. வேளாங்கண்ணிக்கு எங்க வீட்டாளுக அம்புட்டுப் பேரும் ஏறிப் போனோமே, அப்பவே பின்னால இடிச்சுச்சே."

அது வேற. அது வேற தம்பி. என் வண்டி, நான் ஏத்துறேன். அளவு தெரிஞ்சு ஏத்துறேன். டைல்ஸ் பெட்டிய அடுக்கி வச்சா வண்டிக்குத் தெரியவே தெரியாது. தேங்கா அப்படியா? உருளும். வளைவுல ஒரு பக்கமா போய்ச் சேந்துக்கிரும். அதான் எடது பக்கமா உக்காந்திருக்கு. இது ஒரு பிட்டருக்குத் தெரியுமா, அடுப்படியில நிக்கிறவளுக்குத் தெரியுமா?

சரி, வண்டிய ஒர்க் ஷாப்புல விடலாம்ல, அதான கேக்குறீங்க? மாப்பிள்ளையும் அதத்தான் சொன்னாரு. "என் கூட்டாளி ஒருத்தன் ஒர்க் ஷாப் வச்சிருக்கான், நான் பாத்து விடுறேன் மச்சான்"னு. எனக்கு வந்துச்சே கோவம்! கெடுத்ததும் அவரு, கெடுத்ததச் சரி பண்ணி நல்ல பேர் வாங்குறதும் அவரா? "என் வண்டி, என் கை. உங்க சகவாசமே வேணாம்"னு போனை வச்சேன். மில்லுல ஆளு உயர மிசினையே அக்கக்காக் கழட்டி மாட்டுறவன் நான். காருக்குப் பின்னால என்ன இருக்கு? ரெண்டு ஸ்பிரிங்கு, ரெண்டு ஷாக்கப்சரு, ஆக்சில் ரெண்டு பக்கமும் ஒவ்வொரு புஷ்ஷு. புஷ்ஷுன்னா ஒன்னுமில்ல, இரும்பும் இரும்பும் இடிச்சுக்கிறாம இருக்க நடுவுல வச்ச ரப்பர் உருளை. அது நைஞ்சுபோச்சுன்னாதான் டொக்கு டொக்குங்கும்.

வைகாசிக்குள்ள முடிச்சாகணும்னு எனக்கு ஒரு கணக்கு இருந்துச்சு. ஏன்னா வைகாசியில என் தங்கச்சி புள்ளைக்குக் காதுகுத்து.

தம்பி, தாய்மாமன்னா என்னன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. ஆனா இது சாதாரணப் புள்ள இல்ல. தமயந்திக்குக் கல்யாணமாகி வருசக்கணக்கா ஒன்னும் தங்கல. ஏறாத ஆஸ்பத்திரி இல்ல, போகாத கோயில் இல்ல. கடைசியா இது ஒன்னு பொறந்திருக்கு. பொட்டப்புள்ள. பேரு தன்ஷிகாவாம். என்னை ஒரு வார்த்தை கேக்கல பாருங்க, நான் அதுக்கும் ஒன்னும் சொல்லல. எங்க அப்பா அம்மா ரெண்டு பேரும் போய்ச் சேந்துட்டாக. தமயந்திக்குப் பொறந்த வீடுன்னா நான் ஒருத்தன்தான். என் மடியில வச்சுத்தான் மொட்டை எடுக்கணும், காது குத்தணும். நான் வாங்கிட்டுப் போற கம்மலத்தான் போடணும். அப்ப நான் எப்படிப் போய் இறங்கணும்? சீர்த்தட்டோட, என் கார்ல, சத்தமில்லாம வழுக்கிக்கிட்டுப் போய் இறங்கணும். மாப்பிள்ளை வீட்டாளுக பூராம் பாக்கணும், இவங்க கெடுத்த வண்டிய அந்த மனுசன் தன் கையாலயே சரி பண்ணிட்டான்யான்னு.

வீட்டு வாசல்லயே ஏத்துனேன். ஜாக்கி போட்டுத் தூக்கி, ஹாலோ பிளாக் கல்ல அடுக்கி, அதுமேல நிறுத்திச் சக்கரத்தக் கழட்டிட்டேன். லீவு நாள் பூராம் காருக்கு அடியிலதான். துருப்பிடிச்ச போல்ட்டு அசையமாட்டேங்குது. டீசல ஊத்தி ஊறவச்சு, ஸ்பானர் வால்ல ஒரு பைப்பச் சொருகித் தொங்குனேன். பாருங்க, இந்த முட்டியில தோல் உரிஞ்ச தழும்பு, அது அப்ப வந்ததுதான். எதுத்த வீட்டு வாத்தியாரு, பைக் போகமாட்டேங்குது, வண்டியத் தள்ளி நிறுத்துங்கன்னாரு. சக்கரம் இல்லாத வண்டிய எங்கிட்டுத் தள்ள? அவருகிட்டயும் சண்டை. சந்தனமாரி பக்கத்துலயே நின்னுக்கிட்டு, "கல்லு நழுவப்போகுது, வெளிய வாங்க, வெளிய வாங்க"ன்னு ஒரே அனத்தல். நான் என்ன சின்னப்புள்ளையா?

இந்த மாப்பிள்ளை இருக்காரே, அழைக்கிறதுக்கு வீடு தேடி வந்தாரு. பத்திரிகை, வெத்தலை பாக்கு எல்லாம் வச்சுக்கிட்டு. நான் அடியில கெடந்தேன். வெளிய வரல. எதுக்கு வரணும்? அந்தாளு என் காலைப் பாத்தே பேசுறாரு. "மச்சான், தப்பு என் மேலன்னே வச்சுக்குங்க. புள்ளைக்கு நீங்கதான் முன்ன நிக்கணும்"ங்கிறாரு. வச்சுக்குங்கன்னா என்ன அர்த்தம்? தப்புன்னா தப்புன்னு சொல்லணும். நான் பதிலுக்கு ஸ்பானரத்தான் தட்டுனேன். வெத்தலத் தட்ட சந்தனமாரி கையில குடுத்துட்டுப் போயிட்டாரு.

எல்லாம் புதுசு போட்டேன் தம்பி. புது ஸ்பிரிங்கு, புது ஷாக்கப்சரு, புது புஷ்ஷு. ஆக்சில் அந்தரத்துல தொங்கும்போதே போல்ட்ட ஏத்தி, பைப்பப் போட்டு ஒரு முறுக்கு. கடைசி மூச்சு வரைக்கும் முறுக்குனேன். மில்லுல அப்படித்தான். மாட்டுன ஒடனே முறுக்கி முடிச்சுட்டுத்தான் அடுத்த வேலை.

அப்ப வர்றா சந்தனமாரி, கையில போனைப் பிடிச்சுக்கிட்டு. எவனோ வீடியோ போட்டிருக்கானாம். "ஏங்க, இப்ப முழுசா முறுக்கக் கூடாதாம். வண்டியத் தரையில இறக்கி, அது பாரத்துல நின்னப்புறம்தான் கடைசி முறுக்கு முறுக்கணுமாம். இல்லாட்டி இறக்குன ஒடனே உள்ள ரப்பர் திருகிக்கிட்டு அந்துபோகுமாம்"ங்கிறா. எனக்கு எப்படி இருக்கும்? இத்தனை வருசம் பிட்டரா இருந்தவனுக்கு, இவ போனைப் பாத்துப் பாடம் எடுக்குறா! "மில்லு மிசினு ஒன்னையாச்சும் நீ முறுக்கியிருக்கியா?"ன்னு கேட்டேன். "மில்லு மிசினு தரையிலயே நிக்கும்ங்க. இது இப்ப தொங்குதுல்ல"ங்கிறா. பேச்சப் பாத்தீங்களா? உள்ள போடின்னு ஒரு சத்தம் போட்டேன். போயிட்டா.

இந்தா, ஆண்டிபட்டிக் கணவாய் வந்துருச்சு. அந்தா தெரியுதுல்ல வேப்பமரம், அதுக்கு அடியிலதான் என் மானமே போச்சு.

காதுகுத்து அன்னைக்குக் காலையில கெளம்புனோம். பின்சீட்டு பூராம் சீர்த்தட்டு. பட்டுப்பாவாடை, பழம், பூ, கம்மல் டப்பா எல்லாம். ஆண்டிபட்டி வரைக்கும் வண்டி மெத்தையில போற மாதிரி போச்சு. நான் சந்தனமாரியத் திரும்பிப் பாத்து ஒரு சிரிப்புச் சிரிச்சேன். கணவாய்ல ஏறி, முதல் வளைவு திரும்புறேன், பின்னால டொக்கு. அடுத்த வளைவுல டொக்கு டொக்கு.

ஓரங்கட்டி நிறுத்திட்டேன். ஜாக்கிய எடுத்தேன். சந்தனமாரி, "ஏங்க, சத்தம்தான வருது. மெதுவா உருட்டிக்கிட்டே போயிருவோம். உசிலம்பட்டி தாண்டுனா கோயிலு"ங்கிறா. நல்லாருக்கே! டொக்கு டொக்குன்னு போய் இறங்குறதா? அந்த மாப்பிள்ளை காதுல அந்தச் சத்தம் விழணுமா? தாய்மாமன் ஓட்டை வண்டியில வந்து இறங்கிட்டான்னு அவங்க சனம் சிரிக்கணுமா? முடியாதுன்னுட்டேன். வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு, பட்டுச்சட்டையோட அடியில படுத்துட்டேன். பாத்தா, புதுப் புஷ்ஷு. ஒரு வாரம் ஓடல. ரப்பரு ஓரத்துல அந்து தொங்குது.

களவாணிப்பய! புஷ்ஷு வித்த கடைக்காரனச் சொல்றேன். டூப்ளிகேட்டத் தலையில கட்டிட்டான்.

அந்நேரம் பாத்துப் போனு. மாப்பிள்ளை. "மச்சான், நல்ல நேரம் போகுது, எங்க இருக்கீங்க? நான் வண்டி அனுப்புறேன், ஏறி வந்துருங்க"ங்கிறாரு. அவரு வண்டியில நான் ஏறணுமாம்! கத்துனேன் பாருங்க, ரோட்டுல போன லாரிக்காரன் எட்டிப் பாத்துட்டுப் போனான். கத்தி முடிச்சுத் திரும்புனா, சந்தனமாரி நடுரோட்டுல நிக்கிறா. போற பஸ்ஸக் கை காட்டி நிறுத்திட்டா! இதே மாதிரி ஒரு பஸ்ஸு. கண்டக்டர் பயலும் இறங்கி வந்து, என்னமோ அவன் வீட்டு விசேசம் மாதிரி தட்டு தட்டா வாங்கி உள்ள குடுக்குறான். நான் "ஏய், ஏய்"ங்கிறேன். படியில ஏறிட்டுத் திரும்பிச் சொல்றா, "நீங்க வண்டியப் பாருங்க. நான் புள்ளையப் பாக்குறேன்."

கட்டுன பொண்டாட்டி. நடுக் கணவாய்ல விட்டுட்டுப் போயிட்டா. என்கிட்ட ஸ்பானரும் ஜாக்கியும்தான் மிச்சம்.

அப்புறம் என்ன, அந்த ரப்பர ஒரு மாதிரி உள்ள தள்ளி, இன்னும் ரெண்டு சுத்து முறுக்கிவிட்டு, சாயங்காலமா வீட்டுக்கு வந்து சேந்தேன். கோயிலுக்குப் போகல. எல்லாம் முடிஞ்சப்புறம் போய்ப் பந்தியில உக்கார நான் என்ன மூணாவது மனுசனா?

ராத்திரி அவ வந்து சொன்னா. அத நினைச்சாத்தான் எனக்கு இன்னைக்கும் வயிறு எரியுது. நல்ல நேரம் முடியிறவரைக்கும் வாசலப் பாத்துக்கிட்டே இருந்தாங்களாம். காது குத்த வந்த ஆசாரி வேற, அடுத்த வீட்டுக்குப் போகணும்னு அவசரப்படுத்தியிருக்காரு. ஒன்னுவிட்ட அண்ணன் ஒருத்தன் வந்திருக்கான், அவன் மடியில வைங்கன்னு பெருசுக சொல்லியிருக்கு. தமயந்தி முடியவே முடியாதுன்னுட்டாளாம். அப்ப சந்தனமாரி போய் மனையில உக்காந்திருக்கா! "மாமன் வராட்டி என்ன, நான் இருக்கேன்ல"னு மடியில வாங்கிக்கிட்டாளாம். மொட்டை எடுத்தாச்சு. ஒரு காது குத்தியாச்சு, நான் வாங்குன கம்மலப் போட்டாச்சு. அடுத்த காதுக்கு ஆசாரி ஊசியக் கொண்டுபோறாரு, தமயந்தி அவரு கையப் பிடிச்சுக்கிட்டாளாம். "போதும் ஆசாரி. இந்தக் காது எங்க அண்ணனுக்கு. அவன் வந்து உக்காரட்டும், அன்னைக்குக் குத்திக்கிருவோம்"னு.

கொழுப்பப் பாத்தீங்களா தம்பி? கொழுப்ப!

வைகாசி போயி, ஆனி போயி, ஆடி போயி, இப்ப ஆவணி. இன்னும் அந்தப் புள்ள ஒத்தக் கம்மலோட திரியுது. ஒரு காதுல கம்மலு, ஒரு காது மூளி. கடைக்குத் தூக்கிட்டுப் போறா, கல்யாணத்துக்குத் தூக்கிட்டுப் போறா. பாக்குறவன் பூராம் கேப்பான்ல, ஏம்மா ஒரு காது மட்டும் குத்தியிருக்குன்னு? அவ சொல்லுவாள்ல, அதுக்கு மாமன் வரணும்னு? ஊர் ஊராப் போய் என்னைக் கேவலப்படுத்த இதவிட வேற வழி என்ன இருக்கு? மாப்பிள்ளை வீட்டுல எம்புட்டோ சொல்லிப் பாத்தாங்களாம், அசையமாட்டேங்கிறாளாம். அம்புட்டும் என்மேல இருக்க வன்மம் தம்பி. கூடப்பொறந்தவளே இப்படி இருந்தா ஊரான் எப்படி இருப்பான்?

என்ன? ஒருநாள் பஸ் ஏறிப் போய்ட்டு வந்துர வேண்டியதானங்கிறீங்களா? சுளுவாச் சொல்லிட்டீங்க. தாய்மாமன் பஸ்லயா போய் இறங்குவான்? நான் போவேன். போகமாட்டேன்னா சொன்னேன்? என் கார்ல போவேன். டொக்குன்னு ஒரு சத்தம் இல்லாம போவேன். அதுக்காகத்தான் ரெண்டாவது தடவையும் புஷ்ஷு வாங்கி மாட்டுனேன். கடைய மாத்தி வாங்குனேன். இந்தத் தடவை அந்தரத்துல வச்சு முன்னவிட அழுத்தி முறுக்குனேன். இறக்கி ஓட்டுனா ஒரு வாரத்துல மறுபடியும் அந்துபோச்சு. தேனியில இருக்க கடைக்காரன் பூராம் டூப்ளிகேட்டுதான் விக்கிறான். அதான் மதுரையிலயே போய் வாங்கிரலாம்னு கெளம்பிட்டேன். சந்தனமாரி என்கூடப் பேசுறதே இல்ல. அந்த வீடியோவ மட்டும் சத்தமா வச்சுட்டு அடுப்படிக்குப் போயிர்றா. நான் அத நிறுத்திட்டுத்தான் சோறு திங்கிறேன்.

உசிலம்பட்டி வந்துருச்சு. பத்து நிமிசம் போட்டுருவான் இங்க. டீ குடிக்கிறதுன்னா நீங்க இறங்குங்க, நான் இங்க இறங்குறது இல்ல. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடித் தெருதான் அவ வீடு. அதுக்கு என்ன இப்ப?

ஏ... அது யாரு? முன்னால நிக்கிற பஸ்ஸுல சன்னல் சன்னலாப் பாத்துக்கிட்டே வர்றாளே... தம்பி, அவதான். தமயந்திதான். நான் பஸ்ஸுல வர்றேன்னு சந்தனமாரிதான் போன் பண்ணிச் சொல்லியிருப்பா, வேற எவளுக்குத் தெரியும்? நான் துண்ட மூஞ்சில போட்டுச் சாஞ்சுக்கிறேன். கேட்டா, தூங்குறாருன்னு சொல்லுங்க. தெரியாதுன்னு சொல்லுங்க. எதாவது சொல்லுங்களேன்!

பாத்துட்டா.

"என்னடி? நான் ஒன்னும் உன் வீட்டுக்கு வரல, மதுரைக்குப் போறேன்... ஏய், என்ன பண்ற? ஏய்! புள்ளையச் சன்னல் வழியாவா நீட்டுறது? சீட்டுப் பிடிக்கத் துண்டா போடுற? கைய விட்றாத, விட்றாத..."

விட்டுட்டா தம்பி! பிடிங்க, பிடிங்க, கால் கம்பியில மாட்டுது. அப்படித்தான். இங்கிட்டுக் குடுங்க. பாத்தீங்களா அவள? புள்ளைய உள்ள தள்ளிவிட்டுட்டு ஒரு வார்த்தை பேசாம நிக்கிறா. "என்னடி மொறைக்கிற? வாயத் தொறந்து பேசு!" பேசமாட்டா. சின்ன வயசுலயும் இப்படித்தான். அடிச்சாக்கூட அழமாட்டா, இப்படியே நின்னு பாப்பா.

அழுகுதா? இல்ல, அழுகல. என் மூஞ்சியவே பாக்குது. மொட்டை போட்ட முடி மொளச்சிருக்கு. இந்தப் பக்கம் கம்மலு. இந்தப் பக்கம்... இந்தாங்க, பாருங்க தம்பி. ஒரு காதுதான் இது. எம்புட்டுச் சின்னதா இருக்கு பாருங்க. இத வச்சுக்கிட்டு இத்தனை மாசமா...

எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வருது. யாரு மேலன்னு கேக்காதீங்க.

"கண்டக்டரே! விசில் ஊதாதய்யா! ஆள் இறங்கணும். ஆமாய்யா, மதுரைக்குத்தான் டிக்கெட் எடுத்தேன், இல்லைன்னா சொன்னேன்? இப்ப இறங்குறேன், உனக்கு என்ன?" தம்பி, கொஞ்சம் எந்திரிங்க. இந்தத் துண்ட என் சீட்டுல போட்டு வைங்க, யாரையும் உக்காரவிடாதீங்க. நான் ஒன்னும் விசேசத்துக்குப் போகல. இறங்கி அவள நாலு கேள்வி கேட்டுட்டு வந்துர்றேன். பச்சப்புள்ளைய இப்படிச் சன்னல்ல நீட்டுவாளா ஒருத்தி? கேக்க வேணாமா? வழி விடுங்கய்யா. அந்தப் பையத் தள்ளி வைம்மா, புள்ள இருக்குல்ல. பாத்து, பாத்து... காதுல இடிச்சிராதீங்க.